தென்னை இல்லாத ஊருக்கு இரண்டு வண்டிகள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம் வாங்குவதா, அதே வசதிகளோடு காருக்குப் பின்னால் கோர்த்து இழுத்துப் போகும் டிரெய்லர் வாங்குவதா என்று பதினான்கு மாதம் ஆராய்ச்சி செய்தவன் நான். பக்கக் காற்றில் எது அதிகம் ஆடும், மலை இறக்கத்தில் எது தள்ளும் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். சாவியைக் கையில் கொடுத்தால் ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டும். இருபத்தெட்டு வயதில் ஒருமுறை கற்றுக்கொள்ளப் போனேன். மூன்றாம் நாள் வண்டியைப் பின்னால் எடுத்து ஒருவர் வீட்டுக் கிணற்றின் சுற்றுச்சுவரை இடித்தேன். கற்றுக்கொடுத்தவர் இறங்கினார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார், "சாருக்கு இது வேண்டாம்" என்றார். அதோடு விட்டேன்.

நில அளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி பிடித்து ஊரார் எல்லைகளை அளந்தேன். கேரளத்தில் ஐம்பத்தாறு வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிழவன் ஆவதற்கு முன்பே ஓய்வு. என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு ஒரு வருடம் முன்பே அவளுக்கும் மாலை விழுந்திருந்தது. ஊராருக்கெல்லாம் ஊசி போட்டவள் தன் காலில் வந்த வீக்கத்தை மட்டும் நின்றே பார்த்த வேலையால் வந்தது என்று தள்ளிவைத்திருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற மாதம் பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போயிருந்தன.

டாக்டர் நல்லவர். சுற்றி வளைக்கவில்லை. "யாத்ர வல்லதும் உண்டெங்கில் இப்போ போய்க்கோளூ" என்றார். எங்காவது போக நினைத்திருந்தால் இப்போதே போய்விடுங்கள் என்று பொருள். ஒரு வருடம் போலக் கிடைக்கலாம், அதன் பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், எங்கும் நகர முடியாது. மூவரும் மலையாளத்திலேயே பேசி முடித்தோம். ஆட்டோ அமரவிளைப் பாலம் தாண்டும் வரைக்கும் எங்கள் இருவருக்கும் எந்த மொழியும் வரவில்லை.

பாலம் தாண்டியதும் நான் கேட்டேன். "எங்க போவணும்னு உண்டு உனக்கு? காசிக்குப் போவமா?"

"காசியில எனக்கு என்ன காரியம்? தெங்கு இல்லாத ஒரு ஊர்ல உறங்கி காலத்த எழும்பணும். அவ்வளவுதான்."

"தெங்கு உனக்கு என்ன செய்திச்சு?"

"ஒண்ணும் செய்யல்ல. அம்பத்தேழு வருசமா கண்ணு முழிச்சா அதுதான் நிக்குது. பொறந்த வீட்டுலயும் அதுதான், கெட்டி வந்த வீட்டுலயும் அதுதான். டூட்டி முடிஞ்சு வார்டு ஜன்னலத் தொறந்தாலும் அதுதான். அது இல்லாம ஒருநாள் எப்படி விடியும்னு பாக்கணும்."

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். சாலையின் இரண்டு பக்கமும் தென்னைகள் நின்றுகொண்டிருந்தன.

வண்டி வாங்கலாம் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். அதுவரை நான் முட்டாள் இல்லை. அவளுக்கு உப்பில்லாத சமையல் வேண்டும், சுத்தமான கக்கூஸ் வேண்டும், நினைத்த நேரத்தில் படுக்க வேண்டும். வீட்டையே கூடக் கொண்டுபோனால் என்ன? நல்ல யோசனை. வட இந்தியா வரைக்கும் போய்விடலாம். தென்னை எந்த ஊரோடு முடிகிறது என்று வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடுகூட இழுத்துவைத்தேன்.

பிறகு தொடங்கியது ஆராய்ச்சி. மோட்டார் ஹோமில் எல்லாம் ஒரே உடம்பு. ஓட்டுபவர் எழுந்து இரண்டு எட்டு வைத்தால் கட்டில். ஆனால் கால் கிலோ வெண்டைக்காய் வாங்க வேண்டுமென்றாலும் முழு வீட்டையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். டிரெய்லர் என்றால் வீட்டை ஓரிடத்தில் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம். ஆனால் பின்னால் எடுக்கும்போது காரை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். மோட்டார் ஹோமின் எஞ்சின் படுத்தால் வீடும் படுத்துவிடும். டிரெய்லருக்கு எந்த மாநிலத்தில் எந்தத் தாள் கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் தமிழ்நாடு என்பதால் அந்தக் கேள்விக்கு இரண்டு மடங்கு கனம். நோட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றொன்று என்று எழுதினேன். மூன்று நோட்டு ஆயிற்று.

பொழியூரில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஃபைபர் பூசும் ஒருவர் டிரெய்லருக்குக் கூடு செய்து தருவார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வரைந்து கொண்டுபோன படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"வள்ளம் செய்யுத கை ஆக்கும் சாரே. ஒரு பொட்டு வெள்ளம் உள்ள கேறாது. சாருக்கு வீடு இல்லியா?"

"உண்டே."

"பின்ன என்னத்துக்கு இன்னொண்ண இழுத்துட்டு நடக்குதிய?" கடலைக் கையால் காட்டினார். "எங்க வீடு அங்கணதான் நின்னுது. கடல் எடுத்துட்டு போச்சு. சக்கரம் இருந்திருந்தா நாங்க இழுத்திருப்போம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நோட்டில் எழுதினேன்: "ஃபைபர். எடை குறைவு." நான் எழுதிக்கொண்டது அவ்வளவுதான்.

படம் போதவில்லை என்று தோன்றியது. நிலம் அளந்தவன் அல்லவா? முற்றத்தில் கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவி, இரண்டு வண்டிகளையும் அசல் அளவில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, வாசல் எல்லாம் வெள்ளைக் கோடு. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு மோட்டார் ஹோமின் வாசல் வழியாக, அதாவது கோடு போடாமல் நான் விட்டிருந்த இடைவெளி வழியாக, உள்ளே வந்தாள். நான் அடுப்புப் பக்கமாகக் கோட்டைத் தாண்டினேன்.

"எளவு, செவுத்துக்கு உள்ளக்கூடியா வாறது? வாசல்வழி வாருங்க."

சுற்றிக்கொண்டு போய் வாசல் வழியாக வந்தேன். அவள் நாற்காலியைக் கட்டில் கோட்டுக்குள் போட்டு உட்கார்ந்தாள். தலையைத் திருப்பி ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கே எங்கள் மதிலோரத் தென்னை நின்றது.

"ஜன்னல் கொள்ளாம்," என்று மெச்சினாள். "வண்டி எப்போ எடுக்கும்?"

"மூத்தாசாரி வந்து பாக்கட்டும்."

மூத்தாசாரி எங்கள் ஊரில் வாஸ்து பார்க்கும் தச்சர். எங்கள் பக்கத்தில் வீடென்றால் முதலில் ஆசாரி வந்து திசை பார்த்து முளைக்குற்றி அடிக்க வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கும் அவர் வருவார், கக்கூஸுக்கும் வருவார். சக்கரம் இருந்தாலும் இதுவும் வீடுதானே? நான் வாசித்த புத்தகங்களை அடுக்கினால் அவருடைய உயரத்துக்கு வரும். இருந்தும் கூப்பிட்டேன்.

அவர் இரண்டு வெள்ளைப் படங்களையும் மூன்று முறை சுற்றி வந்தார். சிரிக்கவில்லை. அதுதான் வினை.

"வாசல் எந்தத் திக்கு சாரே?"

"ஓடுத வண்டி. எல்லாத் திக்கும்தான்."

"அப்படிப் பறஞ்சா ஒக்குமா? அடுப்பு அக்கினி மூலையில வரணும். இதுல எஞ்சினும் அக்கினி ஆக்கும், அது முன்னால இருக்கு. அப்போ இந்த வண்டி எப்பளும் தென்கிழக்கு பாத்துதான் போவணும்."

எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்கு பார்த்தே போனால் கன்னியாகுமரியில் கடலுக்குள் இறங்கலாம். நான் இதைச் சொன்னதும் அவர் யோசித்தார். "எங்கில் இழுக்குதது கொள்ளாம். நிறுத்துத இடத்துல கழத்தி, கிழக்கு பாத்துத் திருப்பி வச்சிரலாம். ஆனா இது கர்க்கடகம். இந்த மாசத்துல வீட்டுக் காரியம் ஒண்ணும் தொடங்கப்பிடாது. சிங்ஙம் பெறக்கட்டு."

மழை மாதம் கழிந்து ஆவணி பிறக்கட்டும் என்கிறார். "அதுவும் சரிதான்" என்று சொன்னேன். சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தது. அதைத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை நேரம் வண்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் "இப்போது போங்கள்" என்று சொன்னதில் "அப்புறம்" என்பதும் இருந்தது. புறப்பட்டுவிட்டால் அதுதான் கடைசிப் பயணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வண்டி எது என்று தீர்மானிக்காதவரை நாங்கள் புறப்படப் போகிறவர்கள். புறப்படப் போகிற மனைவி எனக்கு உண்டு. அதனால் நான் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஆசாரி எனக்கு ஒரு மாதம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் ஆசாரிக்குச் சாயா கொடுத்துவிட்டு, அவர் போனதும் என்னிடம் கேட்டாள். "ரெயில்ல போனா அடுப்பு எந்த மூலையில வரும்?"

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று பாராட்டவும் செய்தேன்.

கர்க்கடக மழையில் சுண்ணாம்புக் கோடுகள் கரைந்தன. சிங்ஙத்தில் மறுபடி வரைந்தேன், இம்முறை டிரெய்லர் மட்டும். பிறகு அதை இழுக்கப் பெரிய கார் வேண்டுமே என்ற கேள்வி வந்தது. ஐப்பசியின் துலா மழையில் அதுவும் கரைந்தது. அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் எண் மாதாமாதம் ஏறியது. அளவு எடுத்துப் பிழைத்தவனுக்கு அந்த ஓர் அளவு மட்டும் கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். பட்டது. தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

பதினான்காம் மாதம் ஒரு காலை அவளுக்கு மூச்சு வாங்கியது. அன்றே டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. நோட்டுகளை நானே மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது அவள் தம்பி. வெள்ளறடையில் வீடு. வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றும் சிறிய பிக்கப் ஓட்டுகிறான். போகிற வழியில் அவனிடம் ஆட்டோவில் என்னிடம் சொன்ன அதே விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள் போல. ஒரு சனிக்கிழமை அவளை இறக்கிவிட்டவன் வண்டியை அணைக்கவில்லை.

"அத்தான், ஞாயிறு, திங்கள் ரெண்டு நாள் சும்மா கெடக்குல்லா? ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினா ஒரு லாட்ஜ் உண்டு. நான் குலை எடுக்கப் போற வழியாக்கும். மூணாம் நெலையில பொறவால உள்ள ரூம் கேட்டிருக்கேன். முன்னால உள்ளதுல ரெண்டு தெங்கு தெரியுது."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டரை மணிக்கூர்."

நான் பென்சில் கோடு இழுத்தது வட இந்தியாவில். அவன் தென்னை முடிகிற இடத்தை வாழைக்குலை ஏற்றப் போகும்போது பார்த்து வைத்திருந்தான்.

ஞாயிறு மத்தியானம் புறப்பட்டோம். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே, உப்பில்லாத கஞ்சிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, காய்ந்த வாழைச் சருகின் மேல். பின்பக்கம் மட்டும் திறந்திருந்தது. களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று அவள் பார்த்து முடித்ததையெல்லாம் நான் பிறகு பார்த்துக்கொண்டு போனேன். கணவாயில் காற்று அறைந்தது. காற்றாலைகள் வந்தன, உடைமரம் வந்தது, செம்மண் வந்தது.

அறையில் இரண்டு கட்டில். தம்பி வண்டியிலேயே படுத்துக்கொண்டான். காலையில் நான் கண்விழித்தபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெளியே வெறும் பொட்டல், முள், தூரத்தில் நாலு பனை, சுற்றாமல் நிற்கும் காற்றாலை ஒன்று. கதவைத் தட்டிவிட்டுச் சாயாவோடு வந்த தம்பி எட்டிப் பார்த்தான்.

"பனை உண்டே அக்கா."

"எலே மக்கா, பனை தெங்கு இல்லல்லா."

வெயில் ஏறும் வரை அங்கேயே நின்றாள். கால் வீங்கும், உட்கார் என்றேன். உட்காரவில்லை. வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. எங்கள் முற்றத்தில் அது எப்போதும் ஓலைகளின் வழியாகச் சிதறித்தான் வரும். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி குழாய் மாட்டினார்கள்.

இன்னொரு முறை போகலாம் என்று பேசினோம். அவள் இருதயம் சம்மதிக்கவில்லை. ஐந்து மாதம் இருந்தாள். வியாழக்கிழமை ஒன்றில், டயாலிசிஸ் முடிந்து, ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தபோதே போய்விட்டாள். பிடித்திருந்த விரல் என்னுடையது. கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, நானும் தம்பியும் பந்தலில் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பதினான்கு மாதத்தைக் கொன்றேன், அதற்கு மன்னிப்பில்லை. ஆனாலும் அவள் ஆசைப்பட்டபடி ஒரு நாள், ஒரே ஒரு நாள், தென்னை இல்லாத ஊரில் தூங்கி எழுந்தாளே, அது போதும் மக்கா, உன்னால்தான் நடந்தது என்றேன்.

அவன் கையிலிருந்த நாற்காலியை மடக்கினான். மடக்கியதை மறுபடி விரித்தான்.

"எழும்பினாள்னு எப்படிப் பறயது அத்தான்? அக்கா அண்ணைக்கு ஒரு பொட்டு உறங்கல்லன்னு வண்டியில சொன்னால்லா. நீங்க போட்ட கொறட்டை கீழ வண்டி வரைக்கும் கேட்டுது."