பேரை மறைத்துப் படிப்பவர்

சென்றாயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறார். தபாலில் வந்த கட்டுரையில், எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தின்மேல் மல்லிகா பழுப்புக் காகிதத் துண்டைப் பசை தடவி ஒட்டுகிறாள்.

"மறைச்சாச்சா கண்ணு?"

"இன்னும் காயலைங்க சார்."

காயும் வரை திரும்ப மாட்டார். ஈரக் காகிதத்தின் வழியே எழுத்து தெரிந்துவிடுமாம். "பேரு தெரிஞ்சா மரியாதை வந்துருமுங்க. இல்லாட்டிக் கோவம் வந்துரும். ரெண்டுமே கட்டுரைக்கு ஆகாதுங்க" என்கிறார்.

ஏற்காடு ஏரியிலிருந்து மேலேறும் பாதையில், தகரக் கூரை வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மலைச் செடிகளைப் பற்றிய ஆய்விதழ் ஒன்று அங்கிருந்து வருடத்துக்கு இரண்டு முறை ஆங்கிலத்தில் வெளிவருகிறது. அதைப் படிப்பவர்கள் எல்லோரும் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். அதற்குத்தான் இத்தனை ஆசாரம். சென்றாயன் இதே மலையில் உள்ள தலைச்சோலை ஊர்க்காரர், கேழ்வரகும் காப்பியும் விளைவித்த குடும்பம். சேலத்துக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, ஓய்வு பெற்றதும் மலைக்கே திரும்பியவர். ஆசிரியர் அவர்; தட்டச்சு, தபால், பசை எல்லாம் மல்லிகா.

எஸ்டேட்காரர் ஒருவர் கட்டுரையோடு காப்பித்தூள் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அடுத்த பஸ்ஸிலேயே கண்டக்டர் கையில் அது திரும்பிப் போனது. "வாசம் மட்டும் ரூமுக்குள்ள தங்கிப்போச்சுங்க. அதை எப்படித் திருப்பறதுன்னுதான் தெரியலை" என்று இன்றும் வருத்தப்படுகிறார். ஆசிரியர் எழுதியது எதுவும் இந்த இதழில் வராது என்று முதல் இதழிலேயே அச்சடித்துத் தம் கையையும் கட்டிக்கொண்டவர்.

இந்த மனிதருக்கு ஓர் ஆசை உண்டு. செம்மநத்தம் பக்கத்துப் பாறையிடுக்கில் மழைக்காலத்தில் வெளிர் ஊதாவாக ஒரு பூ பூக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடி. கல்யாணமான புதிதில் அவருடைய மனைவி பூவாயிதான் அதைக் காட்டினார். "ஏனுங்க, ஊர்ச் செடிக்கெல்லாம் பேரு சொல்றீங்களே, இது பேரு தெரியாதுங்களா?" என்று சிரித்தாராம். தெரியவில்லை. புதுச்செடியை முதலில் அச்சில் விவரிப்பவர் வைக்கும் பெயர்தான் நிலைக்கும். வெளியூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி, பூவாயி பெயரையே வைத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஆனால் காயைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று ஒரு பிடிவாதம். ஒவ்வொரு மழைக்கும் போவார், காய்க்கும் முன்பே ஆடுகள் செடியை மேய்ந்திருக்கும். இப்படிக் காத்திருந்த காலத்திலேயே பூவாயி கண்ணை மூடிவிட்டார். இன்றைக்கும் மேகம் கறுத்தால் சென்றாயன் குடையைத் தேடுகிறார். இதை எழுதும்போது எனக்கே அந்த ஆடுகள்மேல் ஆத்திரமாக வருகிறது.

போன வருடம் ஒரு கட்டுரை வந்தது. முதல் பத்தியிலேயே அதே பாறை, அதே ஊதா. "சார் நெருப்பைத் தொட்டாப்புல கையை எடுத்துட்டாருங்க. இது நான் படிக்கக் கூடாது கண்ணு, கோயமுத்தூருக்கு அனுப்பிருன்னாரு" என்கிறாள் மல்லிகா. தபால் கட்டுக்கு அடியில் அதைப் போட்டு வைத்துவிட்டு, தாம் முந்தி எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கூடவே வந்த இன்னொரு பிரதி, காயின் படத்தோடு, அவருடைய பீரோவிலேயே இருந்தது. சாவியை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டார். அங்குள்ள அறிஞர்கள் பார்த்து, வெளியிடலாம் என்று எழுதும் வரை அந்தப் பீரோவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பாவமாகத்தான் இருக்கிறது. "மூணு பக்கமும் ரெக்கை வெச்ச காயுங்க! நொம்ப அழகுங்க!" என்று என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் பொறாமையைத் தேடினேன், கிடைக்கவில்லை.

எழுதியவர் சேலத்துக் கல்லூரி ஆசிரியை கலாவதி. அச்சுப்படியைத் திருத்த அவர் மலையேறி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சென்றாயன் டீ சொல்ல வெளியே போன நேரத்தில், மல்லிகா வாயடக்க மாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கலாவதி பேனாவை எடுத்தார். மலையின் பெயரால் செடிக்குத் தாம் வைத்திருந்த பெயரை அடித்துவிட்டு, ஓரத்தில் பூவாயியின் பெயரை லத்தீன் வால் ஒட்டி எழுதினார்.

திரும்பி வந்தவர் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வேண்டாமுங்க அம்மிணி."

"நானா ஆசைப்பட்டு வெக்கறதுங்க சார். பேரு வெக்கற உரிமை எனக்குத்தானுங்களே?"

"உரிமைதானுங்க. ஆனா பத்திரிகை என் கையில இருக்குது. எங்க ஊட்டுக்காரி பேரு இதுல வந்தா, அது பூவுக்கு வெச்ச பேரா, எனக்கு வெச்ச ஐஸான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பானுங்க. உங்க கட்டுரை கெட்டுப்போயிரும்."

"அப்படின்னா வேற பத்திரிகைக்கு அனுப்பறேனுங்க."

"அதுக்குள்ள வேற யாராச்சும் முந்திக்குவாங்க. காத்திருந்தா என்ன ஆகுமுன்னு எனக்குத் தெரியுமுங்க."

கலாவதி அச்சுப்படியை அவர் பக்கம் நகர்த்தினார். சென்றாயன் சிவப்புப் பேனாவைத் திறந்தார். பூவாயி என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பேனா அந்தப் பெயர்மேல் இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டு, மல்லிகாவிடம் பழுப்புக் காகிதம் ஒரு துண்டு கேட்டார். தாமே பசை தடவி, அந்தப் பெயரின்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். காய்ந்ததும் அதன்மேல் பழைய பெயரை எழுத வேண்டும்.

"காஞ்சுருச்சுங்க சார்" என்றாள் மல்லிகா.

அவர் விரலை எடுக்கவில்லை.