ஓம், இல்லை, பார்ப்பம்

பெயர் என்ன என்று கைப்பேசி கேட்டது. மகள் பக்கத்தில் நின்றபடியால், அவளுக்கு நான் யாரோ அதையே தட்டினேன்: வாப்பா. செய்த முதல் பிழை அதுதான்.

கைப்பேசியில் இருந்தது, என் மகளும் அவளுடைய இரண்டு கூட்டாளிமாரும் ஒன்றரை வருடமாகச் செய்த விளையாட்டு. சுடுகிறது, வெட்டுகிறது, காரோட்டுகிறது ஒன்றும் அதில் இல்லை. ஒரு பெண்பிள்ளை ஊரிலிருந்து தனியாகப் புறப்பட்டு, ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகவேண்டும். வழியில் ஏதும் குறுக்கிட்டால் நின்று, திரைக்கு வெளியே இருக்கிற நம்மைத் திரும்பிப் பார்த்துக் கேட்பாள். நாம் பதில் சொன்னால்தான் அடுத்த அடி வைப்பாள். பதிலுக்கு மூன்று பொத்தான்கள் உண்டு: ஓம், இல்லை, பார்ப்பம்.

"வெளியில விடுறத்துக்கு முதல் அஞ்சாறு பேர் விளையாடிப் பாக்கணும், வாப்பா. பிழை கிழை இரிந்தா சொல்லுங்க."

"பிழை புடிக்கிறதா? அதுக்குத்தானே அரசாங்கம் என்ன வச்சிரிக்கி."

வயல் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நான் எழுதுவினைஞர். இப்போது முகாமைத்துவ உதவியாளர் என்று நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள், கதிரை அதேதான். வாய்க்கால் உடைந்தது, மதகு திறக்கவில்லை, கடைசி வயலான கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனுவோடு வருகிறவர்களுக்கு இருபத்தைந்து வருடமாக நான் சொல்கிற பதில் "பார்ப்பம்". அதில் பொய் இல்லை. மனுவை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, கோப்பில் போடுவேன். பார்த்தாயிற்று.

அந்த நாட்களில் வீட்டிலும் ஒரு மனு கிடந்தது. மலேசியாவில் ஒரு சின்னக் கம்பனி, இந்த விளையாட்டின் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, ஒரு வருடம் தங்களோடு வந்து வேலை செய்யும்படி மகளை அழைத்திருந்தது. என் மனைவி முதல் நாளே ஓம் என்றுவிட்டாள். மகளுக்கு வயது இருபத்துமூன்று. என் கையெழுத்து அவளுக்குத் தேவையில்லை. என் வாயால் ஒரு ஓம் வேண்டும், அது இல்லாமல் போகமாட்டேன் என்று நின்றாள்.

நான் "பார்ப்பம்" என்றேன். அடுத்த கிழமை மறுபடி கேட்டாள். "அங்க திண்டு பெருத்தியெண்டா திரும்பி வாற பிளேன் எழும்பாது, மகள்" என்றேன். நானே சிரித்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது எனக்கு நல்ல இருமல் ஒன்று வந்தது.

மார்க்கம், மானம், ஊர்வாய் என்று பெரிய காரணங்கள் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. பயம்தான். அவள் கூட்டாளிமாரோடு பொத்துவிலுக்கு பஸ்ஸில் போன அன்று, திருக்கோவில் தாண்டியாச்சா, கோமாரி தாண்டியாச்சா என்று ஆறு தரம் அழைத்தவன் நான். ஏழாம் தரம் அவள் எடுக்கவில்லை என்றதும், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை இரவல் கேட்கப் போனேன். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் காலையில் விறாந்தையில் உட்கார்ந்து விளையாடத் தொடங்கினேன். மகள் கொப்பியும் பேனையுமாகப் பக்கத்தில் இருந்தாள்.

திரையில், ஒழுங்கை திரும்புகிற முடக்கில் நாய் ஒன்று நின்றது. பிள்ளை திரும்பிப் பார்த்தாள். "வாப்பா, நாய் நிக்கிது. போகவா?"

ஓம் என்று சொல்லி நாய் கடித்தால்? இல்லை என்று சொல்லி அவள் அழுதால்? பார்ப்பம் என்பதை அமத்தினேன். அவள் நிலத்தில் குந்தினாள். நாயும் குந்தியது. இருவருமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் வெயில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"வாப்பா, உங்களுக்குப் பின்னால ஆரு நிக்கிற?" என்று திரையிலிருந்த பிள்ளை கேட்டாள்.

துள்ளித் திரும்பினேன். மனைவி பிளேன்டீக் கோப்பையோடு நின்றாள். பாதித் தேநீர் என் சாரனில்.

"அல்லாவே! இந்த மனிசனுக்கு என்ன புடிச்சிட்டு?" என்றாள்.

மகள் சிரித்துக்கொண்டே எழுதினாள். "எல்லாரும் திரும்பிப் பாக்குற வாப்பா. அதுக்குத்தான் வச்ச."

நாய் அலுத்து எழும்பிப் போக, பிள்ளை மறுபடி நடந்தாள். பலகை கழன்ற பாலம் வந்தது, பார்ப்பம். வா பிள்ளை, தண்ணி குடிச்சிட்டுப் போ என்று ஒரு கிழவி கூப்பிட்டாள். கிழவியை நம்பலாமா? பார்ப்பம். எனக்கு வேர்க்கத் தொடங்கியது. இந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் பொறுப்பு என் தலையில். ஆகவே அறிவுள்ள ஒரு காரியம் செய்தேன்: விளையாட்டை அப்படியே மூடினேன். கொஞ்ச நேரம் பொறுத்து, மகள் விளையாடிப் பார்க்கச் சொன்னாளே என்று திறந்தேன். திரையில் பிள்ளை அதே இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"பூட்டிப்போட்டுப் போயிட்டீங்க. நான் இஞ்சதான் இரிந்த, வாப்பா."

கடைசியில் ஆற்றங்கரை. தோணி ஒன்று நின்றது.

"தோணிக்காரர் ஏறச் சொல்ற. ஏறவா?"

தோணிக்காரனின் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், நல்ல குடும்பத்து ஆளா என்று. தோணியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்தேன். பார்ப்பம். தோணி கரையை விட்டு ஒரு சாண் விலகியது. "வாப்பா?" பார்ப்பம். இன்னும் விலகியது. "இதுதான் கடைசித் தோணி, வாப்பா."

அப்போதுதான் ஓம் என்பதை அமத்தினேன். அந்தப் பொத்தான் வெளிறிக் கிடந்தது. திரும்பத் திரும்ப அமத்தினேன். "டேய், நில்லுடா! தோணிய நிப்பாட்டுடா!" என்று கைப்பேசியைப் பார்த்துக் கத்தினேன்.

"ஆருக்கு ஏசுற?" என்று சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினியிலிருந்து கேட்டாள்.

பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் நின்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: நீங்கள் பதினேழு தரம் பார்ப்பம் என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பயந்துபோனால் எனக்கு அடுத்து வருவது அதுதான்.

"இது என்னக் குத்திக் காட்டத்தானே செஞ்ச?"

"இல்ல வாப்பா. இந்த மூண்டு பொத்தானும் நாங்க தொடங்கின நாள்ல இரிந்தே இரிக்கி." கொப்பியிலிருந்து அவள் தலையை எடுக்கவில்லை. "மத்தவங்க ரெண்டு தரம் அமத்திப்போட்டு, சரிவராதெண்டு வேற பொத்தானுக்குப் போயிடுற. இந்த முடிவு சும்மா எழுதி வச்ச. இதுவரைக்கும் ஆரும் இஞ்ச வரல்ல. நீங்கதான் முதல் ஆள்."

என் வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்தது அன்றைக்குத்தான்.

"சரி," என்றேன். "ஓம். போ மகள். மலேசியாக்குப் போ. வாப்பா ஓமெண்டு சொல்லிட்டன்."

சொன்னதும் எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரிய மனிசன் ஆகிவிட்டேன் போல இருந்தது. அவள் வந்து கையைப் பிடிப்பாள், மனைவி கண்ணைத் துடைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் பேனையை மூடினாள். "அது போன கிழமையே முடிஞ்சிட்டு வாப்பா. கடைசி நாள் ஒண்டு குடுத்திருந்தாங்க. வேற ஆள எடுத்திட்டாங்களாம்."

"என்னட்ட சொல்லல்லையே!"

"எத்தின தரம் சொல்ற?"

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். மனு ஒன்று மேசைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது கடைசித் திகதியை. அது தாண்டியிருந்தால் எனக்கு வேலை மிச்சம். சொந்தப் பிள்ளையிடம் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

"அவங்களுக்கும் உன்ட சமையலப் பத்தி ஆரோ சொல்லிட்டாங்க போல," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

விளையாட்டு பிறகு வெளியே வந்தது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் அவளுக்கு எழுதுகிறார்கள். அந்தக் கரையில் நிற்கிற முடிவைத் தேடிப்போய்ப் பார்த்து அழுதோம் என்கிறார்கள். மகள் இப்போது கல்முனையில் ஒரு வகுப்பில் கணினி படிப்பிக்கிறாள். என்னோடு நன்றாகத்தான் கதைக்கிறாள். கறி எப்படி, மழை வருமா, எல்லாம் கதைப்பாள். கேட்பது மட்டும் இல்லை. கேட்கவேண்டியதை உம்மாவிடம் கேட்டுக்கொள்கிறாள்.

போன மாதம் கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகம் இருந்தது. எனக்கு அன்று காலையில்தான் தெரியும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"போயிட்டு வாறன் வாப்பா."

"ஓம் மகள், ஓம், போயிட்டு வா," என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவள் அதற்குள் செருப்பை மாட்டி, கேற்றைத் திறந்துவிட்டிருந்தாள்.