பனிவண்டிக்கு ஒருவழி மின்சாரம்

கருகிய வயரின் வாசம் கையுறையை விட்டுப் போகவில்லை. ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், மோர்னிங்சைட்டில் இருந்து எல்ஸ்மெயர் வீதியால் மேற்கே நடந்து மூன்று சிக்னல்களைத் தாண்டிவிட்டேன், மூக்கைத் துடைக்கக் கையை உயர்த்தும்போதெல்லாம் அது முகத்தில் வந்து அடித்தது. தோளில் பள்ளிக்கூடப் பை இருந்தது. அதற்குள் புத்தகங்கள் இல்லை, இரண்டு காற்சட்டையும் மூன்று சேட்டும் ஒரு குறடும்தான் இருந்தன. குறடு என்னுடையது. இதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பையைத் திறந்து காட்டிய பிறகுதான் நான் யோகன் அண்ணையின் வாசலைத் தாண்டினேன். எனக்கு அப்போது பதினாறு வயது.

யோகன் அண்ணை எனக்குச் சொந்தமில்லை, ஊர்க்காரர், இருபது வயது மூத்தவர். என்னைக் கனடாவுக்குக் கூட்டிவந்த மாமா வேலை தேடி வேறு மாகாணத்துக்குப் போனபோது, "பள்ளிக்கூடம் முடியுமட்டும் இவன் இங்க நிக்கட்டும்" என்று யோகன் அண்ணை வீட்டின் பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழிருந்த அறையில், என்னை விட்டுப் போனார். பள்ளிக்கூடத்தை நான் பத்தாம் வகுப்பின் நடுவிலேயே விட்டுவிட்டேன். அதன்பின் அந்த வீட்டில் எதற்காக இருக்கிறேன் என்று எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. பனி வழித்தேன், குப்பையை வெளியே வைத்தேன், பழுதான சாமான்களைத் திருத்தினேன். ஒரு சாமானைத் திருத்தினால் இன்னும் ஒரு மாதம் படுக்க விடுவார்கள் என்று நானாகவே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அந்த மாரியில் யோகன் அண்ணை ஒரு பழைய ஸ்னோமொபைல், பனியில் ஓடும் வண்டி, வாங்கினார். அவரோடு தொழிற்சாலையில் வேலைசெய்த வெள்ளைக்காரர்கள் வடக்கே உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவார்கள். ஆறு வருடமாக அவர்களுடைய கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த வருடம் தானும் போவதென்று நின்றார். அவருடைய மனைவி ராணி அக்கா, "ஆழமறியாமல் காலை விடாதே எண்டு சொல்லுவினம், இவர் வண்டியோடயல்லோ விடப்போறார்" என்று போன் எடுத்தவர்களுக்கெல்லாம் சொன்னா. கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டா. கைபேசி எப்போதும் சார்ஜில் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஐஸில் கால்வைக்கக்கூடாது.

அங்கேதான் நான் உள்ளே வந்தேன். அந்த வண்டியில் பற்றரி கிடையாது, கயிற்றை இழுத்துத்தான் ஸ்ராட் செய்யவேண்டும். இயந்திரத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் பிறக்கும் மின்சாரம் நேரே முன்விளக்குக்குப் போகும். அது முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம். விளக்குக்கு அது போதும், கைபேசிச் சார்ஜருக்கோ ஒரே திசையில் ஓடும் டிசி வேண்டும். ஊரில் போரால் கரண்ட் இல்லாத வருடங்களில் நாங்கள் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வரும் மின்சாரத்தை நான்கு டயோட்டுகளால் ஒருவழியாக்கி றேடியோவில் செய்தி கேட்டிருக்கிறோம். ஒன்பது வயதில் நானே அதைப் பூட்டியிருக்கிறேன்.

"உதுவும் டைனமோதான் அண்ணை, கொஞ்சம் பெரிசு. நான் செய்வன்" என்றேன்.

"நீ செய்வியோ?" என்று கேட்டவரின் முகத்தில் சந்தோசம் இல்லை. இவ்வளவு தெரிந்தவன் வேறு என்னவெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறான் என்பதுபோலப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு "பெட்டி" கொண்டுவந்தார். ஏசியை டிசி ஆக்கும் உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி, உள்ளே போக இரண்டு மஞ்சள் வயர், வெளியே வரச் சிவப்பொன்று, கறுப்பொன்று. "புத்தம் புதுசு" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். ஆணி பூட்டும் துளையைச் சுற்றி ஏற்கனவே கீறல் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார். அதன்பின் திருத்துவேலைச் சாமான்கள் இருந்த ஆயுதப்பெட்டியைப் பூட்டிவைத்து, கேட்கக் கேட்க ஒவ்வொரு ஆணி திருப்பியாக எடுத்துத் தந்தார், கவிழ்த்த வாளியில் இருந்தபடி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மஞ்சள் வயரைச் சுருளிலிருந்து வரும் வயரோடும், மற்றதை வண்டியின் இரும்புச் சட்டத்தோடும் பூட்டினேன். சைக்கிள் டைனமோவின் ஒரு முனை எப்போதும் சைக்கிளின் இரும்புதான். இங்கும் அப்படியே இருந்தது. சிவப்பைச் சார்ஜருக்குக் கொடுத்தேன். கறுப்பையும் நேரே சார்ஜருக்குக் கொண்டுபோகத்தான் இருந்தேன், றேடியோவுக்கு அப்படித்தான் செய்தோம். ஊரில் கார் திருத்தும் கராஜில் வேலைசெய்த யோகன் அண்ணை வாளியில் இருந்து எழும்பினார்.

"வாகனமெண்டா கறுப்பு சட்டத்திலதான்ரா. உதுகூடத் தெரியாமலோ வெளிக்கிட்டனி?"

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கீழே இருந்த படுக்கை அவருடையது. கறுப்பையும் சார்ஜரின் மற்ற வயரையும் சட்டத்தில் பூட்டினேன்.

வீட்டுக் கராஜ் கதவைத் திறந்துவிட்டு, வண்டியின் கயிற்றை இழுத்தார். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. சமையலறைக் கதவில் நின்ற ராணி அக்கா, "அட, ஏறுதப்பா!" என்று கைபேசியைத் தூக்கிக் காட்டினா. மூன்று பேரும் ஒரு நிமிடம் ஒருவரையொருவர் நம்பினோம். பிறகு முன்விளக்கு அரைவாசியாக மங்கியது. அவர் இயந்திரத்தின் வேகத்தை இன்னும் கூட்டினார். பெட்டியில் இருந்து புகை வந்தது.

நிறுத்திவிட்டு அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நான் வாங்கேக்க இதில ஸ்ரிக்கர் இருந்தது. எங்க அது?"

"உருகிப்போச்சு அண்ணை."

"உருகினதோ, நீ உரிச்சதோ? மத்தியானம் வயருக்குச் சுத்துற ரேப் வாங்கப் போறனெண்டு ஒரு மணித்தியாலம் எங்க நிண்டனி? நல்ல பெட்டியைக் குடுத்துப்போட்டு ஆரோ ஒருத்தன்ரை சொத்தையை வாங்கிக்கொண்டு வந்தனியோ?"

"பெடியனை விடுங்கோ" என்ற ராணி அக்கா, என் பக்கம் திரும்பி, "பையை ஒருக்காத் திறந்து காட்டிவிடு ராசா, பிரச்சினை முடிஞ்சிடும்" என்றா.

அவர் சொன்னதைக் காட்டிலும் அவ சொன்னதுதான் என்னை எழுப்பியது. கீழே போய் உடுப்புகளைப் பையில் வைத்து, மேலே வந்து திறந்து காட்டிவிட்டு நடந்தேன்.

நாலாவது சிக்னலடியில் பஸ் நிழற்குடையில் ஒதுங்கினேன். கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியில் விரலால் வயர்களைக் கீறிப் பார்த்தபோது பிழை தெரிந்தது. சுருளின் ஒரு முனையும் சட்டத்தில், பெட்டியின் கறுப்பும் சட்டத்தில். மின்சாரத்தில் பாதி சார்ஜர் பக்கமே போகாமல் சட்டத்தினூடாகக் குறுக்கே ஓடிப் பெட்டியை எரித்திருக்கிறது. சைக்கிளில் றேடியோ இரும்பைத் தொடவில்லை, அதனால் தப்பினோம். காரிலோ மின்சாரம் சட்டத்துக்கு வருமுன்பே ஒருவழியாகிவிடுகிறது. என் சைக்கிளும் சரி, அவருடைய காரும் சரி, இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டியதுதான் பிழை. கறுப்பைச் சட்டத்தில் பூட்டுவதென்றால், முதலில் சுருளின் முனையைச் சட்டத்திலிருந்து கழற்றி, அதை மற்ற மஞ்சள் வயரோடு நேரே சேர்த்திருக்கவேண்டும்.

வீதியோரத் தொலைபேசிக்குள் காசு போட்டு அழைத்தேன். அவர்தான் எடுத்தார். முழுவதையும் சொன்னேன்.

"அப்ப பிழை எங்கயெண்டு உனக்குத் தெரியும்."

"இப்பதான் அண்ணை விளங்கினது."

"வீட்டை விட்டு வெளிக்கிட்டு அரை மணித்தியாலத்தில ஞானம் பிறந்ததோ? தெரிஞ்சுதான் எரிச்சிருக்கிறாய்" என்று வைத்துவிட்டார்.

தெரியாவிட்டால் பெட்டியை மாற்றிய கள்ளன், தெரிந்தால் வேண்டுமென்று எரித்தவன். திரும்பிப் போக எனக்கு மூன்றாவது வாசல் இருக்கவில்லை.

அந்த வீதியில் இப்போது காசு போடும் தொலைபேசி ஒன்றுகூட இல்லை. புதுப் பனிவண்டிகள் பல பற்றரியோடும் சார்ஜ் துளையோடும் வருகின்றன, சுருளின் முனையைக் கழற்றவேண்டிய தேவை பலருக்கு வருவதில்லை. நான் பல ஊர்களில் பல வேலை செய்துவிட்டு மீண்டும் ரொறொன்ரோவில் நிற்கிறேன். யோகன் அண்ணை நகருக்கு வடக்கே யூனியன்வில்லில் வீடு வாங்கிவிட்டார். அவர் ஏரிக்குப் போகவேயில்லை, பனி கரையுமுன்பே வண்டியை விற்றுவிட்டார் என்று ராணி அக்கா ஒரு கலியாண வீட்டில் சொன்னா. அவர் என்னைக் கண்டால் இன்றும் முதலில் என் கையைத்தான் பார்க்கிறார். நானும் விட்டபாடில்லை. பெட்டியின் துளையைச் சுற்றியிருந்த அந்தக் கீறலை நினைத்தபடிதான் அவருக்கு வணக்கம் சொல்கிறேன். பெட்டி புதிதா பழையதா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொல்வதை நம்பமாட்டேன்.

வீட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்றிரவு டோர்செட் பார்க் பகுதியில், கூடப்படித்த ஒருவனின் மாடிவீட்டில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். காலையில் பிளாசாக் கடைத்தொகுதியில் கூலிவேலைக்கு ஆள் ஏற்றிய வான் வண்டியில் ஏறினேன், அது ஒரு கோழித் தொழிற்சாலையில் இறக்கியது. மேற்பார்வையாளரும் தமிழர்தான். வயது கேட்டார், பதினெட்டு என்றேன், நம்பினார். "மெசின் பக்கம் ஒரு ஆள் தேவை, சம்பளம் கூட. கரண்ட் வேலை ஏதும் தெரியுமோ தம்பி?" என்றார். தெரியாது என்றேன். அதையும் நம்பி, றப்பர்ச் சப்பாத்தும் ஏப்ரனும் தந்து, கோழி கழுவும் வரிசையில் கடைசி ஆளாக நிறுத்தினார்.