சோற்றுக்கு அடியில் வைத்த வழிச்செலவு

மூட்டைக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது கல்யாணமான புதிதில். வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குக் கிளம்பி நிற்கிறார். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு, "மூட்டைக்காரி வராம காலை எடுத்து வச்சே, தெரியும் சேதி" என்றார்.

மூட்டைக்காரி வேறு யாருமில்லை, மாமியாரின் கடைசித் தங்கை. எனக்குச் சின்னத்தை. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, சலவைக்கடையில் இஸ்திரி போட்டு ஒரே மகனை வளர்த்தாள். சொந்தத்தில் யார் பயணம் போனாலும் துணியில் மூட்டையாகக் கட்டிய சோற்றோடு வந்துவிடுவாள்.

"ஏன் சித்தி, நான் வேலைக்குப் போறேனா, படையெடுத்துப் போறேனா?" என்றார் வீட்டுக்காரர், மூட்டையைப் பார்த்து.

"அதை உன் வயித்தைக் கேளுடா."

சோற்றுக்கு அடியில், காகித மடிப்புக்குள், திரும்பிவரும் பஸ்காசு இருக்கும். வாய்விட்டுச் சொல்லமாட்டாள். கையில் கொடுத்தால் ரோஷக்காரன் வாங்கமாட்டான், பசித்தால் எவனும் பிரிப்பான் என்பது அவள் எண்ணம்.

பெற்ற பிள்ளையிடம்தான் அது பொய்த்தது. வளர்ந்து ஆளானபின் ஒருநாள், வேலையை விட்டுவிட்டு வந்து படுத்திருந்தவனைத் தாங்கமாட்டாமல் "தண்டச்சோறு" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். மறுநாள் காலையே பையைத் தூக்கிவிட்டான். பின்னாலேயே ஓடி, பஸ் ஜன்னல் வழியாக மூட்டையை அவன் மடியில் திணித்தாள். அவன் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்கிக்கிட்டான்ல, அது போதும். கோபம் ஆறினா வந்துடுவான்" என்றாள் என்னிடம்.

சில நாள் கழித்து ஒரு கொத்தனார் அந்தத் துணியோடு சலவைக்கடைக்கு வந்தார். துணி ஓரத்துச் சலவைக்குறியைக் கடைகடையாகக் காட்டி விசாரித்திருக்கிறார்.

"உங்க பையன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேம்மா. 'எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க'ன்னு என்கிட்ட குடுத்துட்டு வழியில இறங்கிட்டான். அப்புறம்தான் பிரிச்சேன். சோத்தைத் தின்னுட்டேன். காசு என்னுது இல்ல."

"அவன் ஏதாச்சும் வாங்கிச் சாப்பிட்டானாய்யா?"

"இல்லம்மா. டிக்கெட்டுக்கே சில்லறை பொறுக்கினான்."

சின்னத்தை இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அந்தக் காசிலேயே டிக்கெட் எடுத்து, அவன் இறங்கிய ஊருக்குப் போய்விட்டாள். தேடாத இடமில்லை. நாங்கள் போய்க் கூப்பிட்டோம்.

"வந்துடுங்க சின்னத்தை. அவனே ஒருநாள் வீடு தேடி வருவான்."

"எந்தக் காசுலடி வருவான்? நான் இங்க இருந்தா கையிலயே குடுத்துடுவேன்" என்றாள்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள், பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒற்றை அறையில், தனியாக.