உடம்புக்குப் பூசிய சுறா எண்ணெய்

நான் ஒரு முட்டாள். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. விட்டால் என் மச்சான் முந்திக்கொள்வான், அவன் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். டாக்டர் குடிக்கச் சொன்ன சுறா எண்ணெயை நான் உடம்பெல்லாம் பூசிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலை எனக்கு. விடிந்ததும் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவேன். சர்க்கரை வியாதிக்குத் தினமும் ஊசி. இடுப்பும் முதுகும் குடைகிறது என்று போய் நின்றபோது டாக்டர் சொன்னார்:

"சர்க்கரைக்காரனுக்கு எலும்பு சீக்கிரம் பலம் இழக்கும். நீயோ வெயிலையே பார்க்கிறதில்லை. எலும்புக்கு டி வைட்டமின் வேணும். சுறா ஈரல் எண்ணெய் தினம் ஒரு ஸ்பூன் குடி. காலையில சட்டையைக் கழட்டிட்டு வெயில்ல உட்காரு."

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், காசிமேட்டில் கடலுக்குப் போகிறவன். படகுப் பலகை உப்புத் தண்ணீரில் கெடாமல் இருக்கச் சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துப் பூசுவார்கள். அவன் கொடுத்த எண்ணெயில் முதல் ஸ்பூனை வாயில் வைத்தேன். குடல் எழுந்து தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கடலிலேயே ஊறிக் கிடக்கும் பலகையை இது வெளியிலிருந்தே காப்பாற்றுகிறதே, என் எலும்பைக் காப்பாற்றாதா?

அன்றுமுதல் லீவு நாளெல்லாம் மச்சானின் கொட்டகையில் கோவணத்தோடு நின்று பூசிக்கொண்டேன். வெயிலையும் விட்டுவிட்டேன். வெயில் பட்டால் நான் நாறினேன். காக்காயும் நாயும் ஊர்வலமாகப் பின்னால் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசி முடித்த கையோடு வெளியே கூச்சல். திருவொற்றியூர்ப் பக்கத்துப் படகு ஒன்று கரையேறியிருந்தது.

"ஏண்டா, என் வலைய அறுத்துட்டு என் கரைக்கே வர்றியா?" என்று மச்சான் கத்தினான்.

"கடலு இன்னா உங்கப்பன் வூட்டு கொல்லையா?"

சொன்னவன் மண்டையில் மச்சானின் துடுப்பு இறங்கியது. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கடவுளுக்கும் தெரியாது. ஒருவனுக்குக் காது கிழிந்து தோளெல்லாம் ரத்தம். ஒருவன் நங்கூரக் கயிற்றால் இன்னொருவன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். விலக்கிவிடப் போனேன் என்று எழுத ஆசைதான். வேடிக்கை பார்க்கப் போனேன். ஒருவன் என் கழுத்தைப் பிடித்தான், வழுக்கினான். இன்னொருவன் இடுப்பைக் கட்டினான். அவனும் வழுக்கி மணலில் முகம் குப்புற விழுந்தான். எனக்கு வீரம் வந்துவிட்டது. விழுந்தவனை இரண்டு உதை உதைத்தேன்.

"வெலாங்கு மீனுடா நானு! புடிங்கடா பாக்கலாம்!" என்று கூவினேன்.

கட்டையாக இருந்த ஒரு ஆள் அவசரப்படாமல் குனிந்தான். இரண்டு கையாலும் மணலை அள்ளி என்மேல் வீசினான். எண்ணெயில் மணல் அப்பிக்கொண்டது.

"இப்ப வழுக்கு, நைனா," என்று என் வலது கையைப் பிடித்து முறுக்கினான்.

காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். கை நடுவில் புதிதாக ஒரு மூட்டு முளைத்ததுபோல் தொங்கியது. அவனே பயந்து விட்டுவிட்டான்.

"டேய், சும்மா லேசாதாண்டா முறுக்கினேன்!"

அவன் வாய்மேல் மச்சானின் துடுப்பு விழுந்தது. பல்லைத் துப்பிவிட்டு நின்றான். மறுநாள் அவன் கடலுக்குப் போனான். மண்டை உடைந்தவனும் போனான். ஆஸ்பத்திரியில் படுத்தது நான் மட்டும்.

"எண்ணெய் குடிச்சியா?" என்றார் டாக்டர்.

"பூசினேன் சார்."

"நீ என்ன படகாய்யா?" என்றவர் மாவுக்கட்டுப் போட்டபடியே சொன்னார்: "உள்ளே போனாத்தான் அது மருந்து. சர்க்கரைக்காரனுக்கு உடைஞ்ச எலும்பு ஒண்ணு கூடுறதுக்கு நாளாகும். கூடாமலும் போகலாம்."

கிடங்கு முதலாளி வண்ணாரப்பேட்டை சாய்பு. பார்க்க வந்தவர், "கை கூடினா வா. கூடலேன்னா வேற ஆளைத்தான் போடணும், தப்பா நெனைக்காதே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் என் வீட்டில் தினமும் சண்டைதான். விடிந்ததும் மச்சான் வந்து என் தலைமயிரைப் பிடித்து வெயிலுக்கு இழுத்துப் போவான். மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் முட்டியை வைத்து, மூக்கைப் பொத்தி எண்ணெயை ஊற்றுவான். விரலைக் கடித்தேன், அறைந்தான். துப்பினேன், மறுபடி ஊற்றினான். என் மனைவி என் கால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என் காலைத் தொட்டது அப்போதுதான்.

மற்றவர்களுக்குக் கட்டுப் பிரிக்கும் நாளில் எனக்கு மறு கட்டுப் போட்டார்கள். ஒருவழியாக அதையும் வெட்டியபோது கை கருவாடு மாதிரி இருந்தது. டாக்டர் பேனாவைக் கொடுத்தார். என் பெயரை எழுதினேன். கோணல்தான், ஆனால் எழுதினேன்.

"கூடிடுச்சு. உள்ளே இன்னும் பலம் வரலை. எண்ணெயையும் வெயிலையும் விட்டா அடுத்த முறை கதவு இடிச்சாலே உடையும்," என்றார். எனக்குக் காது கேட்கவில்லை. கூட வந்திருந்த மச்சானுக்குக் கேட்டுவிட்டது.

வாசலுக்கு வந்ததும் குழைந்து பார்த்தேன். "மச்சான், கைதான் கூடிச்சே. இனிமே அந்த எண்ணெய நீ படகுக்கே வச்சுக்க."

அவன் மடியிலிருந்து புட்டியை எடுத்தான்.

"வாயத் தொற."