தங்கக் கடையில் ஒரு ஸ்டீல் சங்கிலி

தங்கக் கடையில் விற்பனைக்கு நிற்பவளுக்கு வாய் எவ்வளவு முக்கியமோ, அதைவிடக் கை முக்கியம். வளையலைப் பெட்டியில் வைத்துக் காட்டினால் யாரும் வாங்குவதில்லை. நம் கையில் ஏற்றி, விளக்குக்கு நேராக இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்ட வேண்டும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பல வருஷமாக என் கை செய்கிற வேலை இதுதான்.

அந்தக் கையில் இப்போது ஒரு ஸ்டீல் சங்கிலி கிடக்கிறது. சர்க்கரை நோயும் முட்டிவலியும் சேர்ந்து படுத்தியதில், டாக்டர் சொன்னாரென்று வயிற்றை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கித் தைத்துக்கொண்டேன். சங்கிலியின் நடுவில் சிவப்புக் குறி போட்ட தகடு. அதன் பின்பக்கம் விஷயம் பொறித்திருக்கிறது: இவளுக்கு வயிற்றில் அறுவை ஆகியிருக்கிறது, பார்க்காமல் மூக்கு வழியே குழாய் விடாதீர்கள், சில வலி மாத்திரைகளும் சீனியும் ஆகாது. நான் மயங்கிக் கிடந்தால் எனக்குப் பதில் அது பேசும். இப்படி ஒரு தகட்டைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் ஊருக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கும் அன்பர்கள் எங்காவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

பசியைப் பற்றிக் கேட்பீர்கள். பசி அடங்கிவிட்டது, ஆசைதான் அடங்கவில்லை. அதிலும் பெரிய ஆசை எனக்காக அல்ல. என் வீட்டுக்காரர் சேகர் பழையபடி என் எதிரில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். அறுவை ஆன நாளிலிருந்து மனுஷன் என் முன்னால் ஒரு பிஸ்கட்டைக்கூடக் கடிப்பதில்லை.

சனிக்கு இரும்பு

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அம்மா மோதிரம் பார்க்க வந்தார். மோதிரத்தைப் பார்க்காமல் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் விற்கிறவள் கையில் இரும்பு கிடந்தால் நம் ஆட்களுக்கு ஒரே கணக்குத்தான். குரலைத் தாழ்த்தி, ஏழரையா அஷ்டமமா என்று விசாரித்தார். சனி இல்லை, வைத்திய விஷயம் என்றேன். நம்பவில்லை. எந்தக் கோயிலில் கட்டினார்கள் என்பதை மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

பிறகு என் பழைய உருவம் அவருக்கு ஞாபகம் வந்தது. போன தடவை பார்த்தபோது கவுண்டரை அடைத்துக்கொண்டு நின்றவள் இவள்தானா என்று மேலும் கீழும் அளந்தார். சனியை விட்டுவிட்டார், முகத்தில் வேறொரு வெளிச்சம் வந்தது. மோதிரத் தட்டை என் பக்கமே தள்ளிவிட்டுக் கேட்டார்: "ஸ்டீலுக்கே இப்படி எளைச்சிட்டீங்க, தங்கத்துல செஞ்சு போட்டா இன்னும் சீக்கிரம் எளைக்குமா தங்கச்சி?"

கண்ணி குறைத்தல்

எங்கள் கடையின் பின்னறையில் பட்டறை போட்டிருப்பவர் அசோகன் அண்ணன். உடம்பு இறங்க இறங்கச் சங்கிலி முழங்கை வரை ஓடியது. அவரிடம்தான் கொண்டுபோய் நீட்டுவேன். கண்ணியைக் கழற்றும்போது எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. என் பழைய கை கொழுகொழுவென்று இருக்கும். அதில் ஏற்றிக் காட்டினால் எந்த வளையலும் நிறைந்து நிற்கும். ராசியான கை என்று கல்யாண வீட்டார் என்னையே தேடி வருவார்கள். சேகரும் சினிமா கொட்டகையில் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கும் நான் அந்தக் கைக்கு ஏங்குகிறேன், முட்டிவலியைக் கழித்துவிட்டு.

இன்னொரு தடவை போனபோது அசோகன் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பொண்ணு வளருது, ரெண்டு கண்ணி சேர்த்து விடுங்கண்ணேன்னுதான் எல்லாரும் வர்றாங்க. நீ ஒருத்திதாம்மா கொறைக்கச் சொல்லி வந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிற."

மிஸ்ஸி வந்த நாள்

முதலாளி நல்லவர்தான், ஆனால் ஸ்டீல் அவர் கண்ணை உறுத்தியது. மறைக்கச் சொல்லி நேராகச் சொல்லவில்லை. புது மாடல் வளையல் வரும்போதெல்லாம் அந்தக் கையிலேயே அடுக்கி நிற்கச் சொன்னார். நானும் அடுக்கினேன். தகடு அடியில் எங்கோ போய்விட்டது.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ்தான், தோடு மாற்ற வந்தார். பல வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற கண் அல்லவா, வளையல் அடுக்குக்குள் எட்டிப் பார்த்த சிவப்புக் குறியைப் பிடித்துவிட்டார். கேட்காமலே என் கையைப் பிடித்து, வளையல்களை மேலே தள்ளி, தகட்டைத் திருப்பிப் படித்தார். அவசரத்தில் குழாய் விட்டால் தையல் கிழிந்துவிடும், இது கண்ணில் பட வேண்டிய பொருள் என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். "மொதலாளி, இவங்க மயங்கி விழுந்தா ஒங்க வளையலா வந்து டாக்டர்கிட்ட பேசும்?"

தாலி லட்டு

பாலிக் புலாவிலிருந்து ஒரு குடும்பம் மகனுக்குத் தாலி எடுக்க வந்தது. தாலியைத் தட்டில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, எடுத்துக் கொடுத்த கைக்கு முதல் இனிப்பு ஊட்டுவது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா லட்டை என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்துவிட்டார். தகட்டைக் காட்டினேன். நல்ல காரியத்தில் வேண்டாம் என்று சொல்லக்கூடாதென்று அவர் கண் கலங்கியது. கல்யாணப் பெண்ணும் பக்கத்தில் நிற்கிறாள். வாயைத் திறந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த லட்டு சொர்க்கம். நெய்யும் ஏலக்காயும் நாக்கில் பட்டதும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. அவ்வளவு நாள் ஏக்கம். அப்புறம் கணக்கு வந்தது: நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. கவுண்டருக்குப் பின்னால் தரையில் படுத்துவிட்டேன். என்கூட வேலை செய்யும் ரோசலின் என் கையைத் தூக்கித் தகட்டை அவர்களுக்குப் படித்துக் காட்டினாள்.

அந்த அம்மா தாலியை மகனிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, நகைப் படப் புத்தகத்தால் விசிறினார். படபடப்பு அடங்கி நான் எழுந்து உட்கார்ந்தபோது, வரப்போகும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னா இனிமே ரெண்டாவது தடவ கேக்கமாட்டேன் லா, நீயே சாட்சி."

ரோசலின் சாப்பிடுகிறாள்

மத்தியானம் ரோசலின் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கிவருவாள். ஆரம்பத்தில் மற்றவர்கள் எனக்காகச் சாப்பாட்டை ஒளித்துக்கொண்டு மாடிக்குப் போவார்கள். ரோசலின் மட்டும் என் எதிரிலேயே பிரிப்பாள். நான் என் சின்னக் கிண்ணத்தில் இருக்கும் பருப்பையும் மசித்த மீனையும் மென்றுகொண்டிருப்பேன். அவள் ஒவ்வொரு வாய்க்கும் செய்தி வாசிப்பாள்: இன்றைக்குச் சொத்தோங் கணவாய் கொஞ்சம் ரப்பர், குழம்பு மூன்று வகை கலந்து ஊற்றியிருக்கிறான், வெண்டைக்காய் அருமை. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும். உங்களுக்கும் அப்படித்தானே? நம்மை யாரும் பாவம் பார்க்காத சாப்பாட்டு மேசை எங்கே கிடைக்கிறது?

சேகர் விஷயத்தை அவளிடம்தான் சொன்னேன். பாயான் பாரு ஃபேக்டரியில் வேலை முடிந்து வருகிறவர் கேன்டீனிலேயே சாப்பிட்டாகிவிட்டது என்பார். நான் குளிக்கப் போனதும் அடுப்படியில் நின்றபடி, சத்தம் வராமல் அள்ளிப் போட்டுக்கொள்வார். சட்டையில் குழம்பு வாசம் அடிக்கும். மேசையில் என் கிண்ணம் மட்டும் இருக்கும். எதிரில் அவர் பால் விடாத ஒரு கோப்பி ஓ வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அன்பு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கல்யாணம் ஆகியும் தனியாகச் சாப்பிடுகிறேனே. ரோசலின் விரலை நக்கிவிட்டுச் சொன்னாள்: "ஆப்பரேஷன் ஒனக்கு, பத்தியம் ஒம் புருஷனுக்கா?"

யாருக்கு வேண்டும், சார்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சேகர் கடைக்குள் வந்தார். வழக்கமாக வெளியே மோட்டார் பைக்கில் காத்திருக்கிறவர், அன்றைக்கு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைச்சங்கிலி பார்க்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கு வேண்டும் சார் என்று கேட்டு, தட்டை எடுத்து வைத்து, எல்லோருக்கும் செய்வதுபோல என் கையிலேயே போட்டுக் காட்டினேன். மெல்லிய தங்கச் சங்கிலி. அதில் என் தகட்டைப் பொருத்தித் தர முடியும் என்று அசோகன் அண்ணனிடம் முன்பே பேசி வைத்திருக்கிறார். ஸ்டீல் போட்டுக்கொண்டு தங்கத்துக்கு நடுவில் நிற்கிறேன் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

நான் சங்கிலியைக் கழற்றித் தட்டில் வைத்தேன். இது வேண்டாம், நாம் எப்போதும் போகிற மீ கோரெங் நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போங்கள், என் எதிரில் உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிடுங்கள் என்றேன். ரோசலின் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். சேகர் சங்கிலியைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினார். "ஒன் எதிர்ல ஒரு வாய் வச்சா ஒங்கிட்டேர்ந்து திருடித் திங்கிற மாதிரி இருக்கு, விமலா" என்றார். அடுப்படியில் நின்று சாப்பிடுவதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். எழுந்து மோட்டார் சாவியை எடுத்தார்.

கடையில் ஒரு தட்டு மீ, வடைத் துண்டுகள் போட்டுக் குழம்பு ஊற்றிய பசெம்போர் ஒரு தட்டு. நான் நாலு இழையை மென்று மென்று விழுங்கியதும் என் கணக்கு முடிந்தது. அவர் முதலில் தலை குனிந்து, குற்றவாளி மாதிரி சாப்பிட்டார். பாதித் தட்டில் பழைய வேகம் வந்துவிட்டது; மீசையில் குழம்பு, நெற்றியில் வியர்வை. எனக்கு எச்சில் ஊறியது, மீயும் வேண்டும்போல் இருந்தது, அதைப் பங்கு போட்டுத் தின்ற அந்த வருஷங்களும் வேண்டும்போல் இருந்தது. இரண்டும் இனிமேல் முழுசாகக் கிடைக்காது. கடைசியில் பசெம்போர் தட்டில் ஒரே ஒரு இறால் வடைத் துண்டு. அந்தத் துண்டுக்கு நாங்கள் சண்டை போடாத சனிக்கிழமை முன்பெல்லாம் இருந்ததில்லை. அவர் கை பழக்கத்தில் அதை என் பக்கம் தள்ளியது, பாதி வழியில் நின்றது. முகத்தை நிமிர்த்தி, பயந்துகொண்டே கேட்டார்: "இத நான் எடுத்துக்கிட்டா கோவிச்சுக்குவியா?"

கேட்டதற்கே நன்றாகக் கோபித்துக்கொண்டு, அவரையே எடுத்துத் தின்ன வைத்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் கெடுத்த ஒரே வியாபாரத்துக்குக் கமிஷனாகக் கிடைத்தது நாலு இழை மீயும், எதிரில் உட்கார்ந்து வடை தின்கிற ஒரு மனுஷனும்தான்.