அருவிக்குள் கேட்ட என் குரல்

பேய், முனி எல்லாம் வேலையற்றவர்கள் கட்டிவிட்ட கதை என்று தொழிற்சங்கக் கூட்டத்தில் மேடை ஏறிப் பேசியவன் நான். பஞ்சாலையில் தறி ஓட்டினேன், கோயில் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, இன்றைக்கும் அப்படித்தான். அதனால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், வேறொருவன் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

பிரெஞ்சுக் கொடியை இறக்கிய வருஷம், அடைமழைக் காலம். என் தம்பி ரத்தினம் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து ஆளாக, சைகோனில் இருந்துவிட்டு ஒப்பந்தம் முடிந்து வந்திருந்தான். மறுபடி கையெழுத்துப் போட்டால் பத்து நாளில் கப்பல், ஏறினால் திரும்புவானா என்பது யாருக்கும் தெரியாது. நானோ வெள்ளைக்காரன் வெளியேற வேண்டும் என்று ஊர்வலம் போய் மண்டை உடைந்தவன். அவன் வந்த அன்றே, சாப்பிட உட்கார்ந்தவனைப் பார்த்து, வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி தூக்கின கைதானே இது என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தும் பேச்சில்லை.

அம்மாதான் புளிச்சோறு கட்டிக் கொடுத்து எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் நூறு தடவ சொல்லிட்டேன், கேக்கல. நீ ஒரு தடவ போவாதடான்னு சொல்லு, நின்னுடுவான்," என்றாள்.

சேதராப்பட்டுப் பக்கம் செம்மண் பள்ளத்தில் ஒரு முசே, அதுதான் வெள்ளைக்காரத் துரை, சுற்றிலும் வேலி போட்டு ஒரு காடே வளர்த்து வைத்திருந்தார், சுள்ளி பொறுக்கக்கூட யாரையும் உள்ளே விடமாட்டார். மழை பெய்தால் அதற்குள் ஓர் அருவி விழும். பாண்டிச்சேரியில் அருவியா என்று கேட்காதீர்கள், இரண்டு ஆள் உயரத்துக்கு இருந்தது. ரத்தினம் பட்டாளத்துக் காகிதத்தைக் காட்டியதும் கிழட்டுக் காவல்காரர் சலாம் வைத்துக் கதவைத் திறந்தார், எனக்கு அதுவே வயிற்றெரிச்சல்.

"உச்சி வேளையாச்சி தம்பி. உள்ள யாருனா ஒருதரம் பேர் சொல்லிக் கூப்ட்டா பதில் குடுக்காதீங்க. மனுசன்னா மறுக்கா கூப்புடுவான்."

"மனுசன் இல்லன்னா?" என்றேன்.

"மறுக்கா கூப்புடாது. மொத தரத்துக்கே பதில் குடுத்தவன அது லேசுல உடாது."

"இதக் காவல் காக்கத்தான் முசே உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாரா?" என்று நக்கலாகக் கேட்டேன். ரத்தினம் மட்டும் சரி என்று தலையாட்டிக்கொண்டான்.

அவன் அருவிக்குள் போய் நின்றான், நான் பாறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் சொல்தாவிடம் போய்க் கெஞ்சுவதா என்று ஒரு வீம்பு, வார்த்தை தொண்டைக்கு வரும்போதெல்லாம் ஒரு கவளத்தை அள்ளிப் போட்டு விழுங்கினேன்.

அப்போதுதான் அருவிக்குள்ளிருந்து கேட்டது.

"ரத்தினம், போவாதடா."

நம்பினால் நம்புங்கள், அது என் குரல். பஞ்சுத் தூசியால் எனக்கு வந்த கரகரப்பு வரைக்கும் அதில் இருந்தது. என் வாயிலோ சோறு. எதிரொலி என்று சொல்லலாம் என்றால் நான் வாயே திறக்கவில்லையே.

"செரிண்ணே, போவல," என்றான் ரத்தினம் தண்ணீருக்குள்ளிருந்து.

மறுபடி கூப்பிடும் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன், "நீயே சொல்லிட்ட, அப்பறம் என்னண்ணே," என்றான். அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கிழவர் பேச்சு மெய்யாகிவிடும், அதோடு கெஞ்சாமலே காரியம் முடிந்ததில் உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. "ஆமா, சொன்னேன்," என்றேன். திரும்பும்போது கிழவர் என் முகத்தைப் பார்த்து, யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றும் நான்தான் சொன்னேன்.

அவன் கையெழுத்துப் போடாமலே காகிதத்தைக் கிழித்துப் போட்டான், கப்பல் போய்விட்டது. ஊரிலேயே தங்கி அவன் கண்டது என்ன? சொல்தா என்று ஒருவரும் நல்ல வேலை தரவில்லை, என் சங்கத்து ஆட்களும்தான். நெல் மண்டியில் மூட்டை தூக்கினான், குடித்தான், நெஞ்சு கெட்டது. அவனோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் பிரான்சிலிருந்து லீவில் வந்து அவனுக்கு சிகரெட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போவாதடான்னு சொல்லச் சொல்லி என்னை அனுப்பிய அம்மாவே, "உன் பேச்சக் கேட்டுத்தான்டா என் புள்ள நாசமாப் போச்சி," என்று என்னைத் திட்டினாள். வாய் திறக்காத குற்றத்துக்கு வாய் திறந்தவன் என்ற பழி. யாரிடம் போய்ச் சொல்ல?

எட்டு வருஷம் கழித்து, ஆஸ்பத்திரியில் அவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"ரத்தினம், அன்னிக்கி அருவியில போவாதன்னு சொன்னது நான் இல்லடா."

"தெரியும்ணே," என்றான். "நீ வாய் நெறய சோத்த வெச்சிக்கினு ஒக்காந்திருந்த. நான் ஒன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"தெரிஞ்சுமா பதில் குடுத்த?"

வெகுநேரம் இருமினான். "நீ சொல்லுவன்னு பாத்தேன், சொல்லல. அதுவாவது சொல்லுச்சே."

மறுநாள் போய்விட்டான். அந்தக் குரல் யாருடையது என்று ஆராய்வதை எப்போதோ விட்டுவிட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே, நான் இல்லை என்று தெரிந்துகொண்டே, அவன் அதை அண்ணே என்று கூப்பிட்டான்.